ஏழுமலை மாமாவைப் பற்றி ஒரு பக்கம்

1

"அம்மா, கபடி ஆடினா கண்ணு போயிடுமா?"

என் மகள் நித்திலா இதை முதன்முதலில் கேட்டபோது அவளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். "அசையாம இரு" என்றேன். அன்றைக்கு அதுதான் என் பதில். அதன் பிறகு பல் துலக்கும்போது கேட்டாள். பேருந்தில் கேட்டாள். காய்ச்சலில் படுத்திருந்தபோதும் கேட்டாள். இதுவரை நான் பதில் சொல்லவில்லை. போகும் என்றால் பொய். போகாது என்றால், "அப்போ ஏழுமலை மாமாவுக்கு எப்படிப் போச்சு?" என்பாள்.

நாங்கள் இருப்பது அயர்லாந்தின் தெற்கே ஒரு சிறிய ஊர். என் கணவர் மருந்துத் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். நான் முதியோர் இல்லம் ஒன்றில் அரைநாள் வேலைக்குப் போகிறேன். எனக்குச் சொந்த ஊர் கள்ளக்குறிச்சி. முன்பெல்லாம் இங்கே யாராவது ஊர் கேட்டால் "சென்னைக்குப் பக்கம்" என்று சொல்லித் தப்பித்துவிடுவேன். எங்கள் ஊர் செய்தியில் அடிபட்ட அந்த ஒரு வாரத்துக்குப் பிறகு சென்னையும் சொல்வதில்லை. "தெற்கு இந்தியா" என்று நிறுத்திக்கொள்கிறேன்.

2

நித்திலாவுக்கு எட்டு வயது. ஓடுவாள், மரம் ஏறுவாள், பக்கத்து வீட்டுப் பையன்களைக் கீழே தள்ளுவாள். புத்தகத்தை மட்டும் தொட மாட்டாள். வீட்டில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம், அதோடு இந்த நாட்டின் ஐரிஷ் மொழி வேறு. மூன்றுக்கும் நடுவில் அவள் எதையும் படிக்காமல் நின்றுவிட்டாள். தப்பு என் மேல்தானோ என்று எனக்குப் பயம். வயிற்றில் இருக்கும்போது நிறைய டி.வி. பார்த்தேன் என்பது வரைக்கும் யோசித்திருக்கிறேன்.

நூலகத்தில் சேர்க்கப் போனபோது அட்டை எழுதவே ஒரு காலை போனது. நித்திலாவின் குடும்பப் பெயர் அவள் அப்பாவின் பெயர். அவள் அப்பாவின் குடும்பப் பெயர் என் மாமனார் பெயர். என் குடும்பப் பெயர் என் அப்பா பெயர். "மூன்று பேரும் ஒரே வீட்டில்தானே இருக்கிறீர்கள்?" என்று நூலகத்துப் பெண் மிகவும் பணிவாகக் கேட்டார். அப்படி வாங்கிய அட்டை மேசை இழுப்பறையிலேயே கிடந்தது.

வகுப்பாசிரியை ஒருநாள் என்னைக் கூப்பிட்டார். திட்டப்போகிறார் என்று நினைத்துக்கொண்டு போனேன். அவர் கேட்டது ஒன்றுதான். "அவளுக்கு என்ன பிடிக்கும்?"

"ஓடப் பிடிக்கும்."

"அப்போ அங்கேயிருந்தே ஆரம்பிப்போம்."

இங்கே ஹர்லிங் என்று ஒரு விளையாட்டு. மட்டையும் பந்துமாகப் புல்வெளியில் ஓடி அடிப்பது. ஊரே அதற்குப் பைத்தியம். ஆனால் ஆடுபவர்கள் யாரும் அதற்குச் சம்பளம் வாங்குவதில்லை. இந்த ஊரின் பெரிய ஆட்டக்காரர் வார நாட்களில் பால் லாரி ஓட்டுகிறார். அவர் மாதம் ஒருமுறை பள்ளிக்கு வந்து, கால்மேல் கால் போட்டுக்கொண்டு, குழந்தைகளுக்குக் கதை வாசிப்பார். அந்த ஆள் கையில் வைத்திருக்கிற புத்தகம் அடுத்த நாள் நூலகத்தில் கிடைக்காது. குழந்தைகள் தங்களுக்குப் பிடித்த விளையாட்டு வீரரைப் பற்றிப் படித்து, ஒரு பக்கம் எழுத வேண்டும். எழுதியதைச் சுவரில் மாட்டுவார்கள்.

"உங்கள் ஊர் வீரராக இருந்தாலும் சரி, உங்கள் மொழியில் எழுதினாலும் சரி" என்றார் ஆசிரியை.

கிரிக்கெட்காரர்கள் படத்தைக் காட்டினேன். நித்திலா கொட்டாவி விட்டாள். "இவங்க நம்ம ஊரா?" என்றாள். இல்லை என்றேன். "பால் லாரி மாமா இந்த ஊருதானே? எனக்கும் நம்ம ஊரு ஆளு வேணும்."

3

என் தம்பி சரவணன் கள்ளக்குறிச்சியில் பேனர் அடிக்கும் கடை வைத்திருக்கிறான். எங்கள் பக்கத்தில் பேனர் இல்லாமல் ஒரு காரியமும் நடக்காது என்பது உங்களுக்குத் தெரியும். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, திருவிழா, சாவு, எல்லாவற்றுக்கும். சரவணனின் கணினியில் ஊரில் பாதிப் பேரின் படம் பின்னணி வெட்டித் தயாராக இருக்கும். ஒரே படம்தான். பிறந்தநாளுக்குச் சிவப்புப் பின்னணி, கோயிலுக்கு மஞ்சள் பின்னணி, அவ்வளவுதான் வித்தியாசம்.

அவனிடம் என் கவலையைச் சொன்னேன்.

"அக்கா, இதுக்கா அழுவுற? நம்ம ஏழுமலை அண்ணன் இல்ல? வாராவாரம் அதுக்குத்தான் பேனர் அடிச்சிக்கினு இருக்கேன். அனுப்புறேன், படிக்கச் சொல்லு. எழுத்து யானை சைசுல இருக்கும். குருடன் கூடப் படிக்கலாம்."

அவன் அப்போது சொன்ன அந்த வார்த்தையை நினைத்தால் இப்போது உடம்பு கூசுகிறது.

ஏழுமலை கல்வராயன் மலையில் பிறந்தவர். கீழே இறங்கி வந்து, கருணாபுரத்தில் ஒரு வாடகை வீட்டில் இருந்துகொண்டு, நெல் மண்டியில் மூட்டை தூக்கினார். ஞாயிற்றுக்கிழமையானால் கபடி. களமருதூர், மூங்கில்துறைப்பட்டு என்று எங்கே போட்டி என்றாலும் டெம்போவில் ஏறிப் போய்விடுவார். பேனரில் அவர் பெயர் மின்னல் ஏழுமலை. தொடையைத் தட்டிக்கொண்டு, ஒரு காலைத் தூக்கி, நேராக நம் கண்ணைப் பார்க்கிற படம்.

முதல் பேனர் வந்த அன்று நித்திலா மேசைக்கு அடியில் உட்கார்ந்து என் போனைப் பிடுங்கிக்கொண்டாள். "க. ப. டி." எழுத்துக் கூட்டினாள். பிறகு "மா. பெ. ரு. ம்." அப்புறம் "மின்னல்." என்னால் நம்ப முடியவில்லை. அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. நான் அப்படியே நின்றேன்.

"ஏழுமலைன்னா ஏழு மலையும் அவரோடதா?"

அதை அவரிடமே கேட்கச் சொன்னான் சரவணன். குரல் செய்தி அனுப்பினாள். பதில் வந்தது.

"பாப்பா, ஏழும் நம்மளுதுதான். உனக்கு எது வேணும்னு சொல்லு, எழுதி வெச்சிடலாம். இன்னா, சாப்ட்டியா? சோறு துன்னாதான் ரைடு போவ முடியும்."

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமைப் போட்டியும் எங்கள் வீட்டில் திங்கட்கிழமை நடந்தது. பேனர் வரும். இவள் படிப்பாள். யார் முதல் பரிசு கொடுக்கிறார், எந்தக் குழு வருகிறது, எல்லாம் மனப்பாடம். பேனரின் அடியில் வரும் "இவண்" என்றால் என்ன என்று என் கணவரைக் கேட்டு அவரைத் திணற அடித்தாள். பிறகு எழுத ஆரம்பித்தாள். தபால் அட்டையில் இரண்டு வரி. "மாமா நல்லா ஆடுங்க. காலைப் புடிச்சா உதறுங்க." சரவணன் அதைக் கடைக் கண்ணாடியில் ஒட்டி வைத்தான். மண்டிக்குப் போகும் வழியில் ஏழுமலை நின்று, வெளிநாட்டுத் தபால் தலையைத் தடவிப் பார்த்துவிட்டுப் போவாராம்.

நான் கபடி மைதானத்தின் ஓரத்தில்கூட நின்றதில்லை. பெண்பிள்ளைகளை அங்கே விடமாட்டார்கள். ஒலிபெருக்கியில் வரும் புள்ளிக் கணக்கைக் கேட்டுக்கொண்டே கணக்குப் பாடம் போட்டவள் நான். என் மகள் இத்தனை தூரத்தில் உட்கார்ந்துகொண்டு அந்த ஆட்டத்துக்குள் போய்விட்டாள். எனக்குப் பெருமையாக இருந்தது. கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

4

கோடை விடுமுறைக்குப் பள்ளி மூடச் சில நாள் இருந்தது. காலை. கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தேன். போன் நித்திலா கையில்.

"அம்மா! சரவணன் மாமா புது பேனர் போட்டிருக்கு. இரு, நானே படிக்கிறேன். நீ சொல்லாத." குரல் துள்ளியது. "கண்.. ணீ.. ர். கண்ணீர். அஞ்சலி. அம்மா, அஞ்சலி யாரு? புது பிளேயரா?"

கரண்டி கையிலேயே இருந்தது.

"மின்னல் ஏழுமலை. இது எனக்குத் தெரியும். தோற்றம். மறை.. வு. மறைவுன்னா என்னம்மா? ஒளிஞ்சிக்கிறதா?"

போனைப் பிடுங்கினேன். அதே படம். தொடையைத் தட்டிக்கொண்டு, ஒரு காலைத் தூக்கி, நேராக என்னைப் பார்க்கிறார். பின்னணி மட்டும் கறுப்பு. இரண்டு பக்கமும் ரோஜாப்பூ. கீழே கபடிக் குழுப் பையன்களின் சின்னச் சின்ன முகங்கள்.

அவள் யார் உதவியும் இல்லாமல், திக்காமல், முழுதாகப் படித்த முதல் பேனர் அதுதான்.

தம்பியை அழைத்தேன். எடுக்கவில்லை. மறுபடி அழைத்தேன். பின்னால் ஒரே சத்தம், ஆம்புலன்ஸ், யாரோ பெண் அலறுவது.

"அக்கா, சாரிக்கா. ப்ரூஃப் பாக்கச் சொல்லி டீம் பசங்களுக்கு அனுப்புனேன், உனுக்கு வந்துட்டுது. அழிச்சிடு. பாப்பா பாக்கல இல்ல?"

"என்னடா ஆச்சு?"

"டி.வி. போடல நீ? கருணாபுரமே ஆஸ்பத்திரியில கெடக்குது. சாராயங்கா."

அதற்கு மேல் நடந்ததை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எந்த வீட்டில் யார், எத்தனை வீட்டு வாசலில் பந்தல் என்று நீங்கள் என்னைவிட அதிகம் பார்த்தீர்கள். விஷச்சாராயம் என்ற சொல்லை அன்று முழுக்கத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தேன். வேலை செய்யும் இடத்தில் ஒரு பெண் போனைக் காட்டி, "இந்த ஊரா உன் ஊர்? எப்படிச் சொல்வது இதை?" என்று கேட்டாள். எழுத்து எழுத்தாகச் சொல்லிக் கொடுத்தேன். அவள் சரியாகச் சொன்னாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

ஏழுமலை குடிப்பார் என்பதே எனக்குத் தெரியாது. மூட்டை தூக்கியவருக்கு உடம்பு வலித்திருக்கும். நான் ஏன் ஒருமுறைகூட அதைப் பற்றி யோசிக்கவில்லை? பேனரில் இருந்த ஆளைத்தான் என் மகளுக்குக் கொடுத்திருந்தேன்.

அன்று மாலை தம்பி மறுபடி அழைத்தான்.

"அக்கா, அண்ணன் சாவலக்கா. உசுரோட இருக்குது. பாண்டிச்சேரிக்கு ஏத்திக்கினு போயிட்டாங்க."

"அப்போ பேனர்?"

"வெச்சிட்டோம். பாடி வூட்டுக்கு வர்றதுக்குள்ள முக்குல பேனர் நிக்கணும் இல்ல? லேட்டானா அசிங்கம்னு பசங்க குதிச்சானுங்க. யாரு போனாங்க, யாரு இருக்காங்கன்னு ஆஸ்பத்திரியிலயே தெரியலக்கா. யாரோ ஏழுமலை முடிஞ்சிட்டான்னானுங்க, நான் அடிச்சிட்டேன்." அழுதானா சிரித்தானா தெரியவில்லை. "அண்ணன் சம்சாரம் வந்து பேனரைப் பாத்து அங்கயே விழுந்துட்டுதுக்கா. நானே என் கையால கிழிச்சேன்."

உயிர் தங்கியது. கண்கள் தங்கவில்லை.

5

சில வாரம் கழித்து வீடியோவில் வந்தார். சரவணன் போனைப் பிடித்திருந்தான். ஏழுமலை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தோள் மட்டும் அந்தப் பழைய தோள். முகம் கேமராவை விட்டு வேறு பக்கம் திரும்பியிருந்தது.

"பாப்பா இருக்குதாக்கா?"

"இருக்கேன் மாமா! இங்க பாருங்க!" நித்திலா கையை ஆட்டினாள். ஆட்டிய கை மெல்ல நின்றது.

"பாப்பா, எனக்கு நம்ம பசங்க பேனர் அடிச்சானுங்களாமே. இன்னா போட்டிருந்தானுங்கன்னு ஒருத்தனும் சொல்ல மாட்டேங்கிறான். உன்னாண்ட இருக்குதுல்ல? நீ படி."

"வேணாம்ணே" என்றான் சரவணன்.

"நீ கம்முனு இருடா. செத்தவன் கேக்குறேன்."

நான் தடுத்திருக்க வேண்டும். தப்பாக அடித்துவிட்டார்கள் என்று அவளிடம் சொல்லி, அந்தப் படத்தை அழித்துவிட்டதாக நினைத்திருந்தேன். அவள் எங்கேயோ பத்திரமாக வைத்திருந்தாள். எடுத்துவந்து, நிமிர்ந்து உட்கார்ந்து, வகுப்பில் வாசிப்பது போல வாசித்தாள்.

"எங்கள் அணியின் மின்னலே, எங்களை விட்டு எங்கே போனாய்?"

"எங்கயும் போவல. கக்கூஸ் போவணும்னாலே கை புடிக்க ஆளு தேட வேண்டியிருக்குது."

"கபடி உள்ளவரை உன் புகழ் இருக்கும்."

"பாத்தியாடா சரவணா! உசுரோட இருக்கும்போது ஒரு டீ வாங்கித் தர மாட்டானுங்க." சிரித்தார். தம்பி சிரிக்கவில்லை. "எந்த போட்டோ பாப்பா?"

"தொடை தட்டுற போட்டோ."

"அது நல்ல போட்டோ" என்றார்.

அப்போதுதான் அவள் கேட்டாள். "மாமா, உங்க கண்ணுக்கு என்ன ஆச்சு?"

சரவணன் போனை வேறு பக்கம் திருப்பினான். திரையில் கூரையும் சுவருமாக ஓடியது.

"அதுவா? ஆட்டத்துல அடி பாப்பா. ரைடு போய்க்கினு இருந்தேன். எதிர் டீம்காரன் காலு மண்டையில பட்டுட்டுது. போயிட்டுது."

"அய்யோ! அப்போ நீங்க அவுட்டா?"

"நானா?" தலையை நிமிர்த்தினார். "நடுக் கோட்டத் தொட்டுட்டு இல்ல விழுந்தேன். பாயிண்ட் நம்மளுது."

நித்திலா எழுந்து நின்று கைதட்டினாள்.

அவளை அனுப்பிவிட்டு நான் பேசினேன். "உடம்பைப் பாத்துக்குங்க" என்றேன்.

"அக்கா, ஒண்ணு கேக்குறேன், தப்பா நெனைக்காதீங்க. பாப்பாகிட்ட நெசத்தச் சொல்லாதீங்க. இங்க தெருவுல போறவன்லாம் என்னைப் பாத்து, இவன்தான் குடிச்சிட்டுக் கண்ணப் போக்கிக்கினவன்னு புள்ளைங்களுக்குக் காட்டிக்கினு போறான். எம் பையனையே இஸ்கூல்ல கேக்குறானுங்களாம். பாப்பா ஒண்ணு கிட்டயாவது நான் ஆட்டக்காரனா இருந்துட்டுப் போறேனே."

"சரிங்க" என்றேன். சொல்லும்போது அது எவ்வளவு பெரிய வாக்கு என்று எனக்குப் புரியவில்லை.

6

பள்ளி திறந்து, இலையெல்லாம் உதிர்ந்து, இப்போது குளிர். ஒரு பக்கம் எழுதாத என் மகள் உட்கார்ந்து முழுப் பக்கம் எழுதினாள். மேலே தமிழ், கீழே ஆங்கிலம். ஆசிரியை அதைப் படித்துவிட்டு வகுப்பறை வாசலிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது. கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு முந்தைய வெள்ளிக்கிழமை எல்லாப் பெற்றோர் முன்னிலும் நித்திலா அதை வாசிக்க வேண்டுமாம். அந்தப் பால் லாரி ஆட்டக்காரரும் வருகிறார். ஆட்டத்தில் கண்ணை இழந்த சக வீரருக்குத் தன் சட்டையையும் மட்டையையும் கையெழுத்துப் போட்டு அனுப்ப ஆசைப்படுகிறாராம். முகவரி வேண்டும் என்றார் ஆசிரியை.

தருகிறேன் என்று தலையாட்டினேன். வீடு வரும் வரை காதில் ஒன்றும் விழவில்லை.

என் கணவர், "விடு. எட்டு வயசுக் குழந்தைக்கு இது தெரியணும்னு என்ன அவசியம்? மாமா ஆசைப்பட்டுச் சொன்னாரு, இவளும் எழுதிட்டா" என்கிறார். தம்பியிடம் கேட்டால், "அண்ணன் வாயால கேட்டத மீறாதக்கா. அதுக்கு மிச்சம் இருக்கிறதே அதான்" என்கிறான். இரண்டும் சரி என்றுதான் படுகிறது. இருவரும் பேசி முடித்ததும் மறுபடி பயம் வந்துவிடுகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். துணி மடித்துக்கொண்டிருந்தேன். நித்திலா தரையில் படுத்து டேப்லட்டில் என்னவோ தட்டிக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். தேடும் கட்டத்தில் தமிழ் எழுத்து. பிழையில்லாமல், "கருணாபுரம்."

"அம்மா, ஏழுமலை மாமா வீடு இங்கதானே? அட்டைக்கு அட்ரஸ் எழுத பாத்தேன். ஏன் இவ்ளோ பேரு அழுவுறாங்க?"

ஒரே எட்டில் பிடுங்கினேன். டேப்லட் மூலை அவள் உதட்டில் இடித்து ரத்தம் வந்துவிட்டது. அவள் வலியால் அழவில்லை. என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"நீதானே படி படின்னு சொன்ன?"

ஆமாம். நான்தான் சொன்னேன். பேனர் பேனராகக் காட்டி, எங்கள் ஊரின் பெயரை, அந்தத் தெருவின் பெயரை, நானேதான் படிக்க வைத்தேன். இனி எதை மறைத்தாலும் அவளால் படிக்க முடியும். இன்றைக்கு இல்லாவிட்டால் அடுத்த வருஷம். அன்றைக்கு அவள் ஏழுமலை மாமாவை என்ன நினைப்பாள், என்னை என்ன நினைப்பாள், இனி கையில் எடுக்கிற எந்தப் பக்கத்தையாவது நம்புவாளா?

சொல்லிவிட்டாலோ, அவள் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடுவாள். எனக்கு அவளைத் தெரியும். அதன் பிறகு எழுத மாட்டாள். அங்கே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற அந்த மனிதருக்கு, அவரை ஆட்டக்காரராக நினைக்கிற ஒரே ஒருத்தியும் இல்லாமல் போவாள். குடித்தவர் என்பதால் மின்னல் இல்லாமல் போய்விடுவாரா? இரண்டும் ஒரே ஆள்தான் என்று எனக்குத் தெரிகிறது. அதை எட்டு வயதுக்கு எந்த வார்த்தையில் சொல்வது?

இதைப் படிக்கிற உங்களில் ஆசிரியர்கள் இருப்பீர்கள். எங்கள் பக்கத்துத் தாய்மார்களும் இருப்பீர்கள். கருணாபுரத்துப் பிள்ளைகளுக்கு, அவர்கள் கேட்டபோது, நீங்கள் என்ன சொன்னீர்கள்? என்னிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அவரிடம் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவதா, இவளுக்கு உண்மையைச் சொல்வதா? சொல்வதென்றால் வெள்ளிக்கிழமைக்கு முன்பா, பின்பா? உங்களுக்குப் புத்திமதியாகத் தோன்றுவது எதுவானாலும் எழுதுங்கள். திட்டினாலும் பரவாயில்லை.

அந்தப் பக்கம் இப்போது என் முன்னால் இருக்கிறது. பென்சிலால் எழுதியிருக்கிறாள். கடைசி மூன்று வரி இது.

"ஏழுமலை மாமாவுக்குக் கபடி ஆடும்போது கண் போய்விட்டது. ஆனால் அவர் கோட்டைத் தொட்டுவிட்டார். பாயிண்ட் எங்களுக்கு."

தப்பு இருந்தால் திருத்தி வை என்று சொல்லி, பக்கத்திலேயே ரப்பரையும் வைத்துவிட்டுப் பள்ளிக்குப் போயிருக்கிறாள்.